லண்டன் ஃபிளாட்டில் பூஞ்சணம்: பெயின்டா, டீஹியூமிடிஃபையரா, ஃபேனா?

நவம்பர் பிறந்துவிட்டால் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களிடம் இதே பேச்சுதான். அலமாரியை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணியை உள்ளே காயப் போடாதீர்கள்" என்பார். ரொம்பக் கேட்டால் ஆளனுப்பி பெயின்ட் அடித்துத் தருவார்.

எதையும் வாங்குவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு பெரிதாகும் பழுப்புக் கறை என்றால் தண்ணீர் வெளியிலிருந்து இறங்குகிறது: கூரை, பீலி, சுவர் வெடிப்பு. அதற்கு பெயின்ட், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர், ஃபேன் மூன்றுமே உதவாது. 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி அதைத் திருத்துவது வீட்டுக்காரர் கடமை. குளிர்காலத்தில் மட்டும் மூலைகளிலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகள் வந்தால், பெரும்பாலும் அது வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவதால்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்கு.

பூஞ்சண எதிர்ப்பு பெயின்ட் மூன்றிலும் மலிவு, மூன்றிலும் மோசம். பூஞ்சணக் கொல்லி மருந்தால் கழுவாமல் மேலே அடித்தால் சீக்கிரமே திரும்பி வரும். கழுவி அடித்தாலும் ஈரம் அப்படியே இருக்கும். வேறு வேலைகள் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டியது இது.

டீஹியூமிடிஃபையர் உண்மையிலேயே வேலை செய்யும். கம்ப்ரெஸர் வகைக்கு மின்சாரம் குறைவு, ஆனால் அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் திணறும். ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் வகை குளிரிலும் ஓடும், அறையைக் கொஞ்சம் சூடாக்கும், மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்னும். 250 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் தினமும் இரண்டு யூனிட். அந்த பில்லை யார் கட்டுவது? நீங்கள்தான். கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ வீட்டில் இருந்தால் காத்திருக்காமல் வாங்குங்கள், துணி காயும் அறையில் கதவை மூடி ஓட விடுங்கள். ஆனால் வீட்டுக்காரர் செய்ய வேண்டியதற்கு அது ஈடாகாது.

என் தேர்வு எக்ஸ்ட்ராக்டர் ஃபேன். சோறு வடிக்கும் ஆவி, இட்லி ஆவி, குளியலறை ஆவி எல்லாம் சுவரை எட்டும் முன்பே வெளியே போய்விடும், மின்செலவும் சொற்பம். புதிதாகப் பொருத்தும் ஃபேனுக்கான கட்டட விதி, குளியலறைக்கு நொடிக்கு 15 லிட்டர், அடுப்புக்கு அருகே 30 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் ஃபேன் இருந்தால் ஓட விட்டு, ஒரு டாய்லெட் பேப்பரை ஃபேனின் முகப்பில் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் அது வெறும் சத்தம்தான். ஈரப்பதம் ஏறினால் தானாக ஓடும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இதை வீட்டுக்காரரிடம் கேட்க உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. கட்டடத்தில் பழுது இல்லாமல் வெறும் நீராவி படிந்தால் 1985 சட்டம் பொருந்தாது என்று 1980களில் நீதிமன்றம் சொன்னது. அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது, வீடு வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டம். இங்கிலாந்தில் தனியார், கவுன்சில் வீடுகள் இரண்டுக்கும் அது பொருந்தும்.

ராச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டிலிருந்த பூஞ்சணமே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பெற்றோர் பலமுறை முறையிட்டும் யாரும் சரிசெய்யவில்லை. அவன் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சில், ஹவுஸிங் அசோசியேஷன் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது: அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை, கடுமையான ஈரம் என்றால் 10 வேலை நாளில் ஆய்வு, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளில் பாதுகாப்பு வேலை.

தனியார் வீட்டில் இருப்பவர்கள் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழைக்கலாம். அவர்களால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும். புகார் கொடுத்தால் கிளப்பிவிடுவார்களே என்ற பயம் நம்மிடம் நிறைய உண்டு. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் 2026 மே 1 முதல் கிடையாது.

போனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதியோடு படங்கள், மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானியின் காலை, மாலை அளவுகள், டாய்லெட் பேப்பர் ஒட்டாத வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.