செந்தோசாவா, ஜொகூரா? நண்டும் சிண்டுமாக ஒரு விடுமுறை நாள்

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் சிறுபிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவா, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லெகோலேண்ட் பூங்காவா? எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. இரண்டு இடங்களுக்கும் போய் வந்துவிட்டோம். பிள்ளைகள் இந்த வயதில் இருக்கும்வரை லெகோலேண்ட்தான் என்பது என் கட்சி.

போக்குவரத்தில் செந்தோசாவுக்கு ஈடே இல்லை. விவோசிட்டி கடைத்தொகுதியில் குட்டி ரயிலேறினால் வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். கடப்பிதழ் வேண்டாம், குடிநுழைவு வரிசை வேண்டாம். மழை வந்தால் ஒதுங்கக் கூரையும், உள்ளரங்கச் சவாரிகளும் நிறைய. நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் நுழைவு இலவசம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நாளைத் தீர்மானிப்பது வேறொன்று: ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் இருக்கும் உயர அளவு. யூனிவர்சலில் பேட்டில்ஸ்டார் கலாக்டிக்காவுக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மம்மிக்கு 122, ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ‘புஸ் இன் பூட்ஸ்’ பூனையார் சவாரிக்கு 100. கேனப்பி ஃப்ளையர் போன்ற ஒன்றிரண்டில் 92 இருந்தால் போதும். பொதுவாக மூன்று வயதுப் பிள்ளை 95 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், ஐந்து வயதுப் பிள்ளை 110-ஐ ஒட்டி இருக்கும். இந்த இரண்டு எண்களையும் மேலே உள்ள பட்டியலோடு வைத்துப் பார்த்தாலே அந்த நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். மூத்தவள் பாதிக்கு மேற்பட்ட சவாரிகளில் ஏறலாம், இளையவன் பெரும்பாலானவற்றில் வெளியே நிற்க வேண்டும்.

இதில் எத்தனை சவாரி கை நழுவிப் போகிறது என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. குடும்பம் இரண்டாகப் பிரிவதுதான் பிரச்சினை. ஒருவர் அக்காவோடு வரிசையில் நிற்க, இன்னொருவர் தம்பியோடு வெளியே காத்திருக்க வேண்டும். அக்கா சிரித்துக்கொண்டே இறங்கி வரும்போது தம்பி அழுதுகொண்டிருப்பான். அவனைத் தேற்றி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வாசலில் இன்னொரு அளவுகோல் நிற்கும். பெற்றோர் மாறி மாறிச் சவாரி செய்யும் ஏற்பாடு அங்கே உண்டு. இரண்டாவதாகப் போகிறவர் மறுபடி முழு வரிசையில் நிற்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு அது உதவும், உயரம் போதாத பிள்ளைக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் வரிசையைத்தான் குறைக்கும், அளவுகோலைக் குறைக்காது. 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்த பிறகு சின்னவர்களுக்கு வேடிக்கை கூடியிருப்பது உண்மைதான். ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சிப் பொம்மைகள் வரும் சவாரியிலும் சிறுபிள்ளைகள் பெரியவர் துணையோடு போகலாம். ஆனாலும் முழு நாளுக்கு அது காணாது.

2012-இல் திறந்த லெகோலேண்ட் அடிப்படையிலேயே இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. அங்கேயும் அளவுகோல் இல்லாமல் இல்லை. டிராகன் ரோலர்கோஸ்டரில் இளையவனை ஏற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் கதவு மூடினால் இந்தப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறது. கார் ஓட்டும் பள்ளியில் ஆறு வயது நிறைந்தவர்களுக்குச் சிக்னல் வைத்த தனிச் சாலை, மூன்று முதல் ஐந்து வயதுக்கு வேறொரு சின்ன வட்டம். எங்கள் பிள்ளைகள் இருவருமே அந்தச் சின்ன வட்டத்தில்தான் ஓட்டினார்கள். இளையவன் ஸ்டியரிங்கை ஒரே பக்கமாக ஒடித்து ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பான். அங்கிருக்கும் ஊழியர் வந்து வண்டியைத் திருப்பிவிடுவார். இவன் மறுபடி அதே பக்கம் ஒடிப்பான்!

நான்கு பேரும் சேர்ந்து ஆடியது தீயணைப்புச் சவாரி. குடும்பமே ஒரு தீயணைப்பு வண்டியில் ஏறி, கைப்பிடியை மேலும் கீழும் அழுத்தி வண்டியை நகர்த்த வேண்டும். எரிவதுபோல் இருக்கும் கட்டடத்தின் முன்னால் இறங்கி ஒருவர் பம்பு அடிக்க, இன்னொருவர் ஜன்னலைக் குறிபார்த்துத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அப்புறம் அதேபோல் அழுத்தியே திரும்பி வர வேண்டும். பக்கத்து வண்டிக் குடும்பங்களோடு போட்டி வேறு. அழுத்தி அழுத்திக் கை கடுத்துப்போகும். யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை, நான் தேடியது இதைத்தான்.

லெகோலேண்டின் பெரிய குறை வெயில். திறந்தவெளி அதிகம், நிழல் குறைவு. பிற்பகலில் இடிமழை பிடித்தால் வெளிச் சவாரிகள் நின்றுவிடும். அதனால் பிள்ளைகள் ஆசைப்படும் சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. தண்ணீர்ப் பூங்காவில் நாங்கள் இருந்தது கொஞ்ச நேரம்தான், ஹோட்டலில் தங்கியதே இல்லை. ஆகவே அவற்றைப் பற்றி என் பேச்சை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் எல்லை. சிங்கப்பூரின் இரண்டு எல்லைச் சாவடிகளில் உட்லண்ட்ஸைவிடத் துவாஸ் வழிதான் லெகோலேண்டுக்குக் கிட்டம். சொந்தக் காரில் போவதானால் விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து இதில் கெடுபிடி. வீட்டில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. சிங்கப்பூர்ப் பக்கம் காரில் போகிறவர்கள் கடப்பிதழுக்குப் பதிலாக க்யூஆர் குறியீட்டைக் காட்டலாம். ஆளுக்கொரு கடப்பிதழை எடுத்து நீட்டாமல் கடக்க அது ரொம்ப வசதி.

பிள்ளைகள் இருவரும் 107 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்ட வீடென்றால் நான் சொன்னதெல்லாம் மாறும், அங்கே யூனிவர்சலுக்கே என் ஓட்டு. ஒருவர் இன்னும் நூறைத் தொடவில்லை என்றால் பாலத்தைத் தாண்டுங்கள். விடுமுறையின் முதல் வாரத்தையும் சனி ஞாயிறையும் விட்டுவிட்டு, நடு வாரத்தில் ஒரு நாளைப் பிடித்து, விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.