சன்ஷேடு ரெண்டடி, சந்து மூணடி: ஏழு வருடம் குடியிருந்த பிறகு

போன வாரம் பெயிண்டருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, செலவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சான் போன் செய்தான். பாலக்கோட்டில் மனை வாங்கியிருக்கிறான். தை பிறந்ததும் கடைக்கால் தோண்டப் போகிறானாம். "மாமா, சன்ஷேடு ஒன்றரை அடி விடட்டுமா, ரெண்டடியா? பக்கத்துல எவ்வளவு இடம் விட்டா போதும்?" என்று கேட்டான். நான் இருந்த மனநிலையில் கொஞ்சம் சூடாகத்தான் பதில் சொன்னேன். அவனுக்கும், அவனைப் போலக் கட்டப்போகிற மற்றவர்களுக்கும் அதை நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். 30க்கு 50 மனை, கிழக்குப் பார்த்த வாசல், தரைத்தளம் மட்டும். முன்னால் எட்டடி, பின்னால் ஐந்தடி, வடக்கிலும் தெற்கிலும் மூன்று மூன்று அடிச் சந்து விட்டோம். ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடும் மேல்தளமும் சுவரைத் தாண்டி இரண்டடி வெளியே நிற்கும். மேஸ்திரி ஒன்றரை அடி போதும் என்றார். நான்தான் பிடிவாதமாக இரண்டடி கேட்டேன்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் ஒன்பது வருடம் இருந்த வாடகை வீட்டில் சன்ஷேடு ஒரு அடிதான். சித்திரை, வைகாசியில் மாங்காயை உதிர்த்துக்கொண்டு வருமே கோடைமழை, அதன் முதல் காற்றுக்கே ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும். கரண்டும் போய்விடும். மூடிய அறைக்குள் வேர்த்துக்கொண்டு, வெளியே மழை ஊற்றுவதைக் காதால் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். புது வீட்டில் முதல் கோடைமழை வந்த அன்று, பழக்கத்தில் ஜன்னலை நோக்கி ஓடிய என் மனைவி பாதியில் நின்றுவிட்டாள். சாரல் உள்ளே வரவில்லை. ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். மண்வாசனை அறைக்குள் வந்தது. காற்று நேராக அடித்தால் கொஞ்சம் நனையும், அதை மறைக்கவில்லை. ஆனால் பத்து மழையில் எட்டு மழைக்கு நாங்கள் ஜன்னலைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு சுகத்துக்காகவே இரண்டடி தகும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வெயிலுக்கும் அப்படித்தான். நம் பக்கத்தில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் வடக்கே சாய்ந்து விழும். கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் வடக்குச் சன்ஷேடு ஒன்றே அந்தச் சுவர் முழுவதையும் நிழலில் வைத்துவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே போய்விடும், உச்சியிலேயே 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இரண்டடி சன்ஷேடு அப்போது தனக்குக் கீழே இரண்டே முக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். நாலடி ஜன்னலில் மீதி வழியாக வெயில் கட்டில் மேல் வந்து விழும். மார்கழிக் குளிரில் அம்மா மதியம் அங்கேதான் படுப்பார்கள். மேற்கு மட்டும் இதில் சேராது. மூன்று மணிக்கு மேல் வெயில் படுத்துக்கொண்டு வருவதால், அதை மறைக்க இரண்டடியும் போதாது, நாலடியும் போதாது. பின்னால் வைத்த புங்கமரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

இனி தெற்குப் பக்கச் சந்து பற்றிச் சொல்ல வேண்டும். என் கோபமெல்லாம் அங்கேதான்.

கட்டும்போது தெற்கு மனை காலியாக இருந்தது. மூன்றடிச் சந்து அப்போது மைதானம் போலத் தெரிந்தது. ஐந்தாவது வருடம் பக்கத்து மனைக்காரர் மாடியோடு வீடு கட்டினார். அவரும் மூன்றடி விட்டார், அவரும் இரண்டடி சன்ஷேடு போட்டார். நான் செய்ததை அப்படியே செய்தவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு சன்ஷேடுக்கும் நடுவே இரண்டடி வானம்தான் தெரிகிறது. மார்கழி வெயில் போயிற்று, அம்மாவின் மதியத் தூக்கமும் இடம் மாறியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் சுவர் காயவே மாட்டேன் என்கிறது. பாசி பிடித்துவிட்டது.

அதிலும் ஒன்று கவனித்தேன். தெற்கில் நான்கு ஜன்னல். இரண்டு சன்ஷேடுக்கு அடியில் நுனியிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி நீளமாக ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளக்கோடு, எடுத்துப் பூசியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் சொட்டாகக் கீழே விழுந்துவிடுகிறது, சுவர் சுத்தமாக இருக்கிறது. மற்ற இரண்டில் பூச்சுக்காரர் மறந்துவிட்டார். தண்ணீர் அடிப்பக்கமாகவே நடந்து சுவருக்கு வந்து, கீழே வரை கறுப்பாக வழிந்திருக்கிறது. காடி எடுக்க ஒரு ஜன்னலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அன்று நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மேல்புறம் கீறல் விட்டது. வெளியே நீட்டி நிற்கும் பலகைக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், பாரம் தாங்காமல் சுவர் ஓரத்தில்தான் வெடிக்கும். சன்ஷேடு நீள நீள இந்த ஆபத்து கூடும். அந்தக் கீறல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கியது. அதைச் சரிசெய்து வெளிச்சுவர் முழுக்க பெயிண்ட் அடிக்கத்தான் போன வாரம் ஆள் வந்தது.

வந்தவர் தெற்குச் சந்துக்குள் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏணியை எங்கண்ணா போடறது?"

ஏழு வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. ஏணி சாய்ந்து நிற்க வேண்டுமென்றால் நாலடி உயரத்துக்கு ஒரு அடி கால் தள்ளியிருக்க வேண்டும். எங்கள் தளத்தின் நுனி தரையிலிருந்து பன்னிரண்டு அடி. அப்படியானால் கால் மூன்றடி தள்ளி. அந்த நுனியே சுவரிலிருந்து இரண்டடி வெளியே இருக்கிறது. ஆக மொத்தம் ஐந்தடி வேண்டும். இருப்பது மூன்று. மீதியில் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. வடக்கே இன்னும் காலி மனை என்பதால் அங்கே ஏணியை வெளியில் போட்டுச் சமாளித்தார். தெற்கே பக்கத்து வீட்டுக்காரர் பெரிய மனது செய்து தன் பக்கம் ஏணிக்கால் வைக்கவும், மேலே கயிறு கட்டிப் பலகை தொங்கவிடவும் இடம் கொடுத்தார். மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஆன கூலி இந்த ஒரு பக்கத்துக்கு ஆயிற்று. நாளைக்கு அந்த வீடு கைமாறினால் யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் அப்பா காலத்து ஓட்டு வீட்டில் கூரை ஓரத்து இறவாணத் தண்ணீர் பெரியப்பா வாசலில் விழுந்ததற்காக இரண்டு குடும்பமும் பல வருடம் பேசாமல் இருந்தோம். அடுத்தவர் நிலத்தில் கூரைத் தண்ணீரை விட நமக்கு உரிமை கிடையாது. 1882ஆம் வருடத்து ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தின் மேல் வரும் வசதி உரிமை) சட்டப்படி, இருபது வருடம் தடையில்லாமல் வெளிப்படையாக விட்டு வந்தால்தான் அனுபவத்தால் அந்த உரிமை வரும். அந்தச் சண்டையைப் பார்த்து வளர்ந்ததால் தண்ணீர் என் எல்லைக்குள்ளேயே விழ வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். சுவரிலிருந்து இரண்டடியில் சொட்டுகிறது, எல்லைக்கு இன்னும் ஒரு அடி இருக்கிறது. தண்ணீரைக் கணக்குப் போட்டவன் ஆளைக் கணக்குப் போடவில்லை.

இப்போது 2024 ஜூலையிலிருந்து, பிளானுக்கு நாமே சான்று கொடுக்கும் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் 2019 கட்டட விதிகள் கேட்கிற பக்க இடம் என்பது குறைந்த அளவு. அது இருந்தால் பிளான் பாஸ் ஆகும். பெயிண்டர் நிற்க முடியுமா என்று அந்தப் படிவம் கேட்காது.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். சன்ஷேடு ஒன்றரை அடி போடு, இரண்டடி வேண்டாம். ஒரு பக்கமாவது ஐந்தடி விடு. ஹால் பதினைந்து அடிக்குப் பதில் பதிமூன்று அடி இருந்தால் யாருக்கும் குறையாகத் தெரியாது. காம்பவுண்டை ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக எழுப்பாமல், நம் ஊரில் கிடைக்கிற கருங்கல் பலகையை நட்டுக்கொண்டால் சந்தில் அரை அடி மிச்சம். "அப்போ மழையில ஜன்னல் திறக்கற கதையெல்லாம் சொன்னீங்களே மாமா?" என்று கேட்டான். அது பொய்யில்லை. நேற்று சாயங்காலம்கூட மழை. ஜன்னல் திறந்தேதான் இருந்தது. ஆனாலும் ஒன்றரை அடி போதும் என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

மனையில் கயிறு பிடித்து அளவு போடுகிற அன்று நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெயிண்டரிடம் அந்த ஏணியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.