கொரியாவில் பத்து வருடம் கட்டிய சுகாதாரக் காப்புறுதி: லாபமா, நட்டமா?

திருகோணமலையில் இப்போது கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற பெடியன்களைக் கண்டால் எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அண்ணா, சம்பளத்தில சுகாதாரக் காப்புறுதி எண்டு வெட்டுறாங்களாமே, வேண்டாம் எண்டு சொல்ல ஏலாதா?" ஏலாது. ஈ-9 என்கிற தொழிலாளர் விசாவில் தொழிற்சாலை வேலைக்குப் போனால் வேலை தொடங்கும் நாளிலிருந்தே நீங்கள் அதில் சேர்க்கப்பட்டுவிடுவீர்கள். சேருவதா விடுவதா என்று யோசிக்க அங்கே இடமில்லை. கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைக்காது என்பதைத்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும். நான் 2015 இல் போய், இரண்டு தவணை கிம்ஹே பக்கம் பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு 2025 இல் வந்தவன். காப்புறுதியை நல்லாகவே பயன்படுத்தியும் இருக்கிறேன், அதோடு சண்டை பிடித்தும் இருக்கிறேன்.

முதலில் காசு. நான் கொரியா போன 2015 இல் மொத்தச் சம்பளத்தில் 6.07 வீதம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2023 இல் 7.09 வீதத்துக்கு வந்தது, நான் திரும்பி வரும்வரை அதிலேயே நின்றது. அதில் பாதியை முதலாளி கட்டுவார், பாதி உங்கள் சம்பளத்தில் போகும். 2024 இன் அடிப்படைச் சம்பளம் 20 லட்சத்து 60 ஆயிரத்து 740 வோன், அதற்கு மாதம் 73,000 வோன் சொச்சம். ஆனால் ஓ.டி. செய்யாமல் கொரியாவில் யாரும் இருப்பதில்லை, ஓ.டி. காசும் இந்தக் கணக்கில் சேரும், அதனால் என்னுடைய சம்பளத்தில் 90,000, 95,000 என்று வெட்டுப்பட்ட மாதங்கள்தான் கூட. இன்னொன்று, ஏப்ரல் மாதச் சம்பளத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். போன வருடம் உண்மையில் உழைத்த காசை வைத்துத் திரும்பக் கணக்குப் பார்த்து, குறைவாக வெட்டியிருந்தால் மிச்சத்தை அந்த மாதம்தான் எடுப்பார்கள். புதிதாக வந்த பெடியன்கள் ஏப்ரலில் கொம்பனிக் காரியாலயத்தில் போய்ச் சண்டை பிடிப்பதை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

அதோடு சேர்த்து நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி என்று ஒன்று வெட்டுவார்கள். 2024 இல் அது சுகாதாரக் காப்புறுதிக் காசின் மேல் 12.95 வீதம். இது வயது போனவர்களைப் பார்த்துக்கொள்வதற்கான நிதி, ஐந்து பத்து வருடத்தில் ஊருக்குத் திரும்புகிற எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஈ-9 காரர் இதிலிருந்து விலக விண்ணப்பிக்கலாம், கொம்பனி மூலமாக ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். யாரும் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மாதம் பத்தாயிரம் வோன் என்றாலும் ஒரு தவணைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

சரி, கிடைப்பது என்ன? சின்னக் கிளினிக்கில் காட்டினால் பில்லில் 30 வீதம் எங்கள் பங்கு. காய்ச்சல், தடிமன், தோல் அரிப்பு என்று போனால் கிளினிக்கில் ஐயாயிரம் வோன் அளவில், பக்கத்துப் பேமசியில் இன்னும் நாலாயிரம், ஐயாயிரம். அவ்வளவுதான், உள்ளே போய் வெளியே வர அரை மணித்தியாலம். ஊரில் சனல் பண்ணிக் காட்டுகிற செலவோடு பார்த்தால் அங்கே ஒரு மணித்தியாலச் சம்பளத்தில் டொக்டரும் மருந்தும் முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி பெரிதாகப் பெரிதாக எங்கள் பங்கும் ஏறும். நகரப் பகுதிகளில் வெளிநோயாளராகப் போனால் அடுத்த தரத்துக்கு 40, பொது ஆஸ்பத்திரிக்கு 50, பல்கலைக்கழக ஆஸ்பத்திரி மாதிரியான மேல்தர இடத்துக்கு 60 வீதம். அதுவும் மேல்தர ஆஸ்பத்திரிக்குச் சின்னக் கிளினிக் டொக்டரின் கடிதம் இல்லாமல் நேரே போனால் காப்புறுதியே வேலை செய்யாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, என்ன வருத்தம் என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது என்று போவது. அந்தப் பழக்கத்தைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உள்ளே அனுமதித்தால் 20 வீதம். இதில்தான் எனக்கு இந்தக் காப்புறுதி மேல் மரியாதை வந்தது. இரண்டாவது தவணையில் ஒரு இரவு வயிற்று வலி, இரவு வேலை மேற்பார்வையாளர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார், குடல்வால் அழற்சி, விடிய முன்னரே சத்திரசிகிச்சை. மொத்தப் பில் முப்பது லட்சம் வோனுக்குக் கிட்ட, நான் கட்டியது ஏழு லட்சம் சொச்சம். பில்லை வடிவாகப் பார்த்தால் அந்த ஏழு லட்சத்திலும் ஒரு பகுதி காப்புறுதிக்குள் வராத சாமான்களுக்கு. என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கொரியக் கிழவரும் அதே 20 வீதம்தான் கட்டினார். வெளிநாட்டுக்காரன் என்று தனி விலை இல்லை, தனி வரிசை இல்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை, அந்நியர் பதிவு அட்டையைக் காட்டினால் சரி. 2024 மே மாதத்திலிருந்து அடையாள அட்டை காட்டுவது எல்லாருக்குமே கட்டாயம், அதனால் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அட்டை இல்லாவிட்டால் முழுக்காசு கட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

வருத்தம் பெரிதானால் சலுகையும் பெரிது. புற்றுநோய்க்கு நோயாளியின் பங்கு 5 வீதம், காசநோய்க்கு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கொம்பனியில் வேலை செய்த குருநாகல் அண்ணா ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த மாதிரி இருதயச் சிகிச்சைக்கும் அந்த 5 வீதக் கணக்குத்தான். பில் கோடி வோனைத் தாண்டியது என்று சொன்னார், அவர் கட்டியது ஒரு மாதச் சம்பளத்தை விடக் குறைவு. அந்த மனுசன் அதற்கு முன் எங்களோடு சேர்ந்து "இந்த வெட்டு வீண்" என்று திட்டிக்கொண்டிருந்தவர்தான்.

இப்போது எனக்குப் பிடிக்காதது. காப்புறுதிக்குள் வராத சிகிச்சை என்று ஒரு பெரிய உலகமே அங்கே இருக்கிறது. அச்சு இயந்திரத்தில் நின்று நின்று இடுப்பு வலி வந்தபோது கையால் அழுத்திச் செய்கிற சிகிச்சை எழுதினார்கள், ஒரு தரத்துக்கு ஒரு லட்சம் வோனுக்கு மேல், அதில் ஒரு வோன்கூடக் காப்புறுதி தரவில்லை. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் நரம்பில் தெளிவான பாதிப்புக் காட்டாவிட்டால் பெரும்பாலும் சொந்தக் காசுதான். கொரியர்கள் இதற்காகவே தனியார் காப்புறுதி ஒன்று எடுத்து வைத்திருக்கிறார்கள், எங்களிடம் அது இல்லை. கிளினிக்கிலும் "இது காப்புறுதிக்குள் வருமா" என்று கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். கேட்கிற அந்த ஒரு வசனத்தைக் கொரிய மொழியில் பாடமாக்கிக்கொண்டு போனால் பரீட்சைக்குப் படித்ததைவிட அதிகக் காசு மிஞ்சும். பல் துப்பரவு செய்வது வருடத்துக்கு ஒரு தரம் காப்புறுதியில் வரும், இருபதாயிரம் வோனுக்குள் முடியும், ஆனால் பல் இம்பிளான்ட்டுக்கு 65 வயதாக வேண்டும்.

மொழி அடுத்த தலையிடி. எனக்கு வந்த காப்புறுதிக் கடிதம் எல்லாம் கொரிய மொழியில்தான். குடிவரவுத் திணைக்களத்தின் 1345 தொலைபேசி உதவி இலக்கத்தில் சிங்களம் இருக்கிறது, தமிழ் இல்லை. நான் திருமலைக்காரன் என்பதால் சிங்களம் ஓரளவு கதைப்பேன், சமாளித்தேன். சிங்களம் தெரியாத எங்கள் பெடியன் ஒருவன் வருத்தத்தைச் சொல்வதற்கு இரண்டு மொழி தாண்ட வேண்டியிருக்கிறது.

வேலையில் அடிபட்டால் சுகாதாரக் காப்புறுதியைத் தொடவே தொடாதீர்கள். இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைத்தள விபத்துக்கு வேறாக ஒரு காப்புறுதி இருக்கிறது, பெடியன்கள் எல்லாரும் "சன்ஜே" என்றுதான் சொல்வார்கள், அதற்கு முழுக்காசும் முதலாளி கட்டுவது, விசா முடிந்து ஒளிந்து வேலை செய்கிறவனுக்குக்கூட அது உண்டு. சிகிச்சைச் செலவை அது பொறுக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 வீதமும் தரும். சுகாதாரக் காப்புறுதி லீவு நாளுக்குச் சம்பளம் தராது. என்னோடு இருந்த தம்பி ஒருவனின் விரல் அச்சில் நசுங்கியபோது, கொம்பனிக்காரர், அறையில் விழுந்ததாகச் சொல்லு, ஆஸ்பத்திரிக் காசை நாங்கள் தருகிறோம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், மேலே மாட்டிறைச்சியும் வாங்கிக் கொடுத்தார்கள். விரல் பிறகு மடங்காவிட்டால் ஊனத்துக்கு நட்டஈடு கேட்க அவன் கையில் என்ன இருக்கும்? வேலைக் காயத்துக்குச் சுகாதாரக் காப்புறுதியைப் பாவித்தது தெரிந்தால் காப்புறுதி நிறுவனம் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் செய்யும். வெளிநாட்டுத் தொழிலாளர் ஆலோசனை நிலையம் ஒன்றில் சிங்களத்தில் பேசி சன்ஜே போட வைத்தோம். இரண்டு மாதம் கொம்பனியில் முகம் கறுத்துத்தான் இருந்தது, பரவாயில்லை.

கொம்பனி பதிவில்லாத பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் நிலைமை வேறு. 2019 ஜூலையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிற வெளிநாட்டவர் எல்லாரும் கட்டாயம் சேர வேண்டும், வேலைத்தளம் மூலம் சேராவிட்டால் தனியாளாக. அப்படிச் சேருகிறவருக்கு முதலாளியின் பாதி இல்லை, வருமானம் குறைவு என்றாலும் நாட்டுச் சராசரிக்குக் குறையாமல் கட்ட வேண்டும், அது 2024 இல் மாதம் ஒன்றரை லட்சம் வோன். கிராமப்புறத்துக்குக் கழிவு உண்டு என்றாலும், கோவாத் தோட்டத்துக் கொட்டிலில் இருப்பவன் அதே சம்பளத்துக்குக் கொரியக் காரியாலயத்தில் இருப்பவனைவிடக் கூடக் கட்ட வேண்டி வரலாம். நிலுவை வைத்தால் சிகிச்சைச் சலுகை நிற்கும், விசா நீடிப்பும் சிக்கலாகும். அங்கே போகிறவர்கள் "எனக்குக் காப்புறுதி நட்டம்" என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

மற்ற நாட்டு ஆட்களோடும் கதைத்துப் பார்த்தேன். டுபாயில் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் காப்புறுதியை முதலாளிதான் எடுக்க வேண்டும், சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு வரை என்பது முதலாளி எடுக்கிற திட்டத்தைப் பொறுத்தது. கொரியாவில் நான் காசு கட்டினேன், ஆனால் என் அட்டையும் முதலாளியின் அட்டையும் ஒன்று. இரண்டில் எது நல்லது என்றால், எனக்கு இரண்டாவதுதான்.

கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பத்து வருடத்தில் என் சம்பளத்தில் போனது எண்பது லட்சம் வோனுக்கு மேல், இலங்கைக் காசில் பதினேழு, பதினெட்டு லட்சம் ரூபாய். காப்புறுதி எனக்காகச் செலவழித்தது, சத்திரசிகிச்சையையும் சேர்த்து, அதில் பாதிகூட வராது. தேசிய ஓய்வூதியத்துக்கு வெட்டிய காசு வெளியேறும்போது ஈ-9 காரருக்கு வட்டியோடு மொத்தமாகத் திரும்பி வரும், இது வராது. பெடியன்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சீட்டுக் காசு மாதிரி இதுவும் கடைசியில் கைக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கொரியக் காப்புறுதியில் வெளிநாட்டவரின் கணக்கு மொத்தத்தில் உபரியாகத்தான் நிற்கிறது, அதாவது இளம் வயதில் போய் இளம் வயதில் திரும்புகிற நாங்கள் அந்த நாட்டு முதியவர்களின் மருந்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருகிறோம். எனக்கு அதில் கோபம் இல்லை, குருநாகல் அண்ணாவின் நெஞ்சு எனக்கும் வந்திருக்கலாம். ஆனால் அந்நியர் எங்கள் காப்புறுதியைத் தின்கிறார்கள் என்று அங்கே யாராவது சொன்னால் மட்டும் வாய் சும்மா இருக்காது.

உண்மையான குறை வேறு இடத்தில். ஈ-9 காரர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, குடும்பம் அங்கே இல்லாவிட்டால் காப்புறுதியும் அவர்களுக்கு இல்லை. 2022 இல் இங்கே மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அம்மாவின் சீனி வருத்த மருந்து அரச கிளினிக்கில் இல்லை, வெளியே வாங்கு என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள், உட்துறைமுக வீதியிலிருந்து மத்திய வீதி வரை பேமசி பேமசியாகத் தம்பி அலைந்தான். அதே மாதம் என் சம்பளத்தில் சுகாதாரத்துக்கென்று தொண்ணூறாயிரம் வோன் போனது. எனக்கு வருத்தமே இல்லை, வருத்தக்காரி திருமலையில். இதற்கு எந்தப் படிவமும் இல்லை. நான் செய்தது, பராமரிப்புக் காப்புறுதியிலிருந்து விலகி மிஞ்சிய காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு அம்மாவின் மருந்துக்கென்று தனியாக ஒரு கணக்கில் போட்டு வந்தேன். போகிறவர்கள் முதல் மாதமே இதைச் செய்யுங்கள்.

கட்டின காசைக் கொஞ்சமாவது திருப்பி எடுக்க ஒரு வழி இருக்கிறது, இலவச உடற்பரிசோதனை. காரியாலய வேலைக்காரருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு வருடா வருடம். இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, பிரஷர், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். ஓ.டி. போய்விடும் என்று போகாமல் விடுகிறவர்கள் உண்டு. எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர் இருப்பது அதில்தான் பிடிபட்டது, உறுதிப்படுத்துகிற அடுத்த பரிசோதனையும் இலவசம். வரும்போது எல்லா வருட அறிக்கையையும் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன், இங்கே அரச கிளினிக்கில் கொப்பி போடும்போது டொக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைத் தீர்மானித்தார். மருந்து இங்கே இலவசம், காலைநேரம் முழுக்க வரிசையில் போகும்.

கடைசியாக, வேலையை விட்டு வருகிற மாதத்திலும் ஏப்ரல் மாதிரியே காப்புறுதிக் கணக்கு முடிப்பார்கள். கூட வெட்டியிருந்தால் தருவார்கள், குறைவாக வெட்டியிருந்தால் கடைசிச் சம்பளத்தில் எடுப்பார்கள். அந்தச் சம்பளப் பட்டியலைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.