மீன் எண்ணெய் மாத்திரை: வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

60 மாத்திரை கொண்ட டப்பா, தள்ளுபடி போக 500 ரூபாய் சொச்சம். பிராண்ட் பெயர் வேண்டாம், கடையில் பக்கத்திலிருந்த டப்பாக்களும் கிட்டத்தட்ட இதே கதைதான். மாத்திரை பெரிது, ஆனால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. மூடி கெட்டியாக இருக்கிறது. ஏப்பம்தான் தாங்க முடியவில்லை, வெறும் வயிற்றில் போட்டால் மதியம் வரை மீன் வாடை, சாப்பாட்டோடு போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பார்த்தேன், லேசாகச் சிக்கு வாடை அடித்தது. காலாவதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிற சரக்கு இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முன்பக்கத்தில் சிவப்பாக ஓர் இதயம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 1000 மி.கி. அது மீன் எண்ணெயின் எடை. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு எவ்வளவு என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: அதில் இரண்டு வகை, இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக மொத்தம் 300 மி.கி. மீதி 700 மி.கி. பெரும்பாலும் வேறு கொழுப்புதான்.

இந்த 300 இதயத்துக்கு என்ன செய்யும்? அமெரிக்காவில் வைட்டல் என்று ஓர் ஆய்வு, 25,871 பேர், ஐந்து வருஷத்துக்கு மேல், தினமும் 840 மி.கி. இபிஏ-டிஎச்ஏ கொடுத்தார்கள், அதாவது என் டப்பா கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மாத்திரை. 2018-ல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் சாவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே வருஷம் பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த அசெண்ட் ஆய்வும் இதையேதான் சொன்னது. நம் ஊரில் "சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கு நல்லதாம்" என்று இதை வாங்குகிறவர்கள் நிறைய என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். வைட்டலில் மாரடைப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் குறைவாக இருந்தது, மீன் அதிகம் சாப்பிடாதவர்களுக்குப் பலன் இருப்பது போலவும் தெரிந்தது. ஆனால் அது ஆய்வின் முக்கியக் கேள்வி இல்லை, துணைக் கணக்கு. அப்புறம் ரெட்யூஸ்-இட் என்ற ஆய்வில் தினம் 4 கிராம் சுத்திகரித்த இபிஏ கொடுத்து, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) அதிகமுள்ள நோயாளிகளுக்கு இதயப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அதில் மருந்துக்குப் பதிலாக ஒப்பீட்டுக்குக் கொடுத்த மினரல் ஆயிலே அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் செய்து, மருந்தை நல்லதாகக் காட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. சோள எண்ணெயை ஒப்பீட்டுக்கு வைத்து, இபிஏவும் டிஎச்ஏவும் சேர்ந்த மருந்தைக் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் பலன் தெரியவில்லை. இரண்டிலும் இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மட்டும் கூடியிருந்தது. அந்த 4 கிராம் டாக்டர் சீட்டு எழுதித் தரும் மருந்து, என் டப்பாவில் அந்த அளவைத் தொட தினம் 13 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும்!

5க்கு 2 நட்சத்திரம். அதில் ஒன்று மூடிக்கு.

மீன் சாப்பிடுகிறவர்கள் அந்தக் காசுக்கு மத்தி வாங்கலாம், எங்கள் பக்கம் சாளை என்போம். 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 இருக்கும், புரதமும் கால்சியமும் கூடவே வரும், முள்ளோடு மெல்லத் தெரிந்தால். டிரைகிளிசரைடுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு, நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மீன் எண்ணெயைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்குப் பாசி எண்ணெயில் எடுத்த டிஎச்ஏ மாத்திரை கிடைக்கிறது, விலை கூடுதல், அதிலும் பின்பக்கக் கணக்கைப் பார்த்தே வாங்குங்கள்.