எம்ஜிபியும் செட்டிநாட்டு வெயிலும்: எது தொல்லை தரும், எதை மாற்ற வேண்டும்

என்னிடம் இருப்பது 1970-ம் வருடத்து எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரண்டு சீட்டு, கூரையை மடித்துவிடலாம். பெரியப்பச்சி மலேசியாவில் இருந்து கொண்டுவந்தது, காரைக்குடியில் பல வருடமாக நான்தான் வைத்து ஓட்டுகிறேன். வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, "நம்ம ஊருக்கு இது தாங்குமா?" என்பதுதான். தாங்கும். ஆனால் இங்கிலாந்தில் எந்த வரிசையில் இதற்கு வேலை பார்க்கிறார்களோ அதே வரிசையில் இங்கே பார்த்தால் தாங்காது. அங்கே முதல் எதிரி துரு. இங்கே முதலில் சூடு, அப்புறம் பெட்ரோல், அப்புறம் வயரிங். துருவையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் சித்திரை வெயிலில் திருமயம் தாண்டி வண்டி நின்றுபோவது துருவால் இல்லை.

சூட்டை எடுத்துக்கொள்வோம். இந்த எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரும் சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஓடும்போது காற்று அடிப்பதால் பிரச்சினை தெரியாது. பிள்ளையார்பட்டியில் மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்து சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது, ஏனென்றால் அதற்குள் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருக்கும். இதற்காகவே நடுவில் ஒரு தகரத் தடுப்பும் அதில் ஒட்டிய சூடு தாங்கும் அட்டையும் வைத்திருந்தார்கள். ஐம்பது வருடத்தில் அந்த அட்டை உதிர்ந்து தகரம் மட்டும் மிச்சம் இருக்கும், பல வண்டிகளில் தகரமே இருக்காது. புதுத் தடுப்பு போட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற தடித்த இன்சுலேட்டர் கட்டைகளையும் மாற்றினேன். என் வண்டியில் பாதித் தொல்லை அதோடு போயிற்று. செலவும் பெரிதில்லை.

மீதிப் பாதி தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம், கடைசி சிலிண்டரைச் சுற்றி, துருவும் உப்பும் சேர்ந்து சேறாகவே படிந்திருக்கும். முன்னால் புது ரேடியேட்டர் மாட்டினாலும் அங்கே தண்ணீர் போகாது. பிளாக்கில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, சேறு முழுக்க வந்த பிறகுதான் ரேடியேட்டர் கடைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான், வேறு எதுவும் கூடாது.

இன்னொன்று: ஒரு பட்டறையில் வேலைக்கு விட்டபோது, நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிற வால்வை, கழற்றிப் போட்டுவிட்டார்கள். இந்தப் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், காலையில் குளிர்ந்த எஞ்சினையே ஓட்டிக்கொண்டிருப்போம், தேய்மானம் கூடும். இந்த எஞ்சினுக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட் வழக்கமானது, வெப்ப நாடுகளுக்கு என்றே 74 டிகிரியும் உண்டு. 74-ஐப் போடுங்கள், கழற்றாதீர்கள்.

பெட்ரோல் விஷயம் இரண்டு. இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் முழுக்க நின்றது. இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு, அதாவது புகை வெளியேறும் வால்வு மூடும்போது உட்காரும் வளையங்களுக்கு, அந்த ஈயம்தான் பாதுகாப்பாக இருந்தது. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் சீட்டு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடுகிற சிறு இடம்) தானாகக் குறைந்துகொண்டே வரும். இங்கேதான் நம் ஊர் பெரிய பலம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனி உருவாக்கியது. அளவு வேறு, எல்லாப் பாகமும் பொருந்தாது, ஆனால் அம்பாசடர் பார்த்த கைக்கு இது புதிது இல்லை. கோட்டையூரில் ஒரு அண்ணன், வாழ்நாளெல்லாம் அம்பாசடர் பார்த்தவர், முதல் தடவை பானெட்டைத் திறந்ததுமே, "தம்பி, டேப்பட் சத்தம் கேக்கணும். கேக்காமப் போனாத்தான் பயப்படணும்" என்றார். அந்த இடைவெளி 0.015 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். அடிக்கடி இடைவெளி குறைகிறது என்றால் ஹெட்டை இறக்கி, எஞ்சின் வேலை செய்யும் லேத்தில் கடினமான எக்ஸாஸ்ட் சீட்டு அடித்துவிடுவது ஒன்றே வழி. செய்துவிட்டேன், அதற்குப் பிறகு இடைவெளி நகரவே இல்லை.

இரண்டாவது, இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸை அது மென்மையாக்கிக் கரைத்துவிடும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டேங்கில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறவர்கள் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் பம்ப் வண்டியின் பின்னால் இருக்கிறது, உள்ளே பாயின்ட் (கரண்டைத் தொட்டுத் தொட்டு விடும் முனை) வைத்த மின்சார பம்ப். பாயின்ட் கருகினால் டிக் டிக் சத்தம் நின்றுவிடும், ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும், பிறகு நடு ரோட்டில் நிற்கும். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை அதே உருவத்தில் கிடைக்கிறது. யோசிக்காமல் மாற்ற வேண்டிய பொருள் இது.

வயரிங்கில் பெரிய குறை ஹெட்லைட். ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை நேராக விடுகிற சுவிட்ச்) கிடையாது, அதற்கென்று பியூஸும் கிடையாது, முழு கரண்டும் டாஷ்போர்டு சுவிட்சும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சும் வழியாகவே போய்வரும். வெளிச்சம் மங்கல், சுவிட்ச் சூடேறும். இரண்டு ரிலேயும் பியூஸும் சேர்த்தாலே, அதே பல்பில் தேவகோட்டை ரோடு இரவில் நன்றாகத் தெரிகிறது. கூடவே வயர் பாடியில் இணையும் எல்லா எர்த் இடங்களையும் பெயின்ட் சுரண்டி இறுக்கிவிடுங்கள். எலக்ட்ரிகல் கோளாறு என்று சொல்லப்படுவதில் நிறைய வெறும் எர்த்தாகத்தான் இருக்கும். சீட்டுக்குப் பின்னால் அடியில் ஒளித்து வைத்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் வைத்துவிட்டேன். வெளியே தெரியாது. வெளியே தெரிவதை அப்படியே வைத்துக்கொள், தெரியாததைத் தைரியமாக மாற்று என்பதுதான் என் கொள்கை. பழைய வண்டியை ஓட்டத்தான் வைத்திருக்கிறோம், முகப்பில் நிறுத்திக் காட்ட அல்ல.

முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கிற கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். நம் செம்மண் புழுதிக்கு நான் அதற்கும் முன்னதாகவே அடிக்கிறேன், ஜாக் போட்டு சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான், இல்லாவிட்டால் கிரீஸ் உள்ளே பரவாது. நெம்புகோல் போன்ற கை வைத்த பழைய மாதிரி ஷாக் அப்சார்பரில் எண்ணெய் குறைந்தால் வண்டி துள்ளும், நிரப்பிப் பாருங்கள், கசிவு இருந்தால் ரீகண்டிஷன் செய்ய வேண்டும். பிரேக் ஒற்றை லைன், ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரத்துக்கும் இல்லை. ஹோஸில் சந்தேகம் வந்த அன்றே மாற்றிவிட வேண்டும்.

இனி துரு. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு. அதன் வடிகால் ஓட்டைகளைப் புழுதி அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மழைக்கு முன்னால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம், பட்டி போட்டு எதையும் மறைக்கலாம். பக்கத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தூக்கத் தூக்க இடைவெளி குறுகினால், கதவு திறக்க இறுகினால், அந்தப் பெட்டி உள்ளே அரித்துப்போயிருக்கிறது. அந்த வேலை டிங்கரிங் பட்டறையில் முடியாது, சில்லை முழுக்க வெட்டி எடுத்துப் புதிதாக வெல்ட் செய்யத் தெரிந்தவர் வேண்டும், வண்டி விலைக்கு மேலே செலவு போகலாம்.