'இரட்டைக் குருட்டு' ஆய்வும் அப்பாவின் கண்களும்

இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சொந்த ஊரான சிங்கப்பூருக்கு வந்திருந்தேன். சாங்கியில் பெட்டி எவ்வளவு விரைவாகக் கைக்கு வந்தது என்பதையோ, தேக்காவில் எந்தக் கடை இன்னும் பழைய ருசியோடு இருக்கிறது என்பதையோ எழுதப்போவதில்லை. மூன்று வாரத்தில் என் நினைவில் தங்கியது, மருத்துவமனை அப்பாவிடம் கொடுத்தனுப்பிய 18 பக்கத் தமிழ்ப் படிவமும் அதன் நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லும்தான்.

அப்பாவுக்கு 77 வயது. நீரிழிவு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரவானால் பாதம் எரியும். வேறொரு நோய்க்கு வெகுகாலமாகக் கொடுக்கப்பட்டு வரும் பழைய மாத்திரை ஒன்று இந்த எரிச்சலைத் தணிக்குமா என்று பார்க்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று அவரைக் கேட்டிருந்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்துபோன மருந்தில் பெரிய லாபம் இல்லை என்பதால் மருந்து நிறுவனங்கள் இத்தகைய ஆய்வுகளில் அவ்வளவாக அக்கறை காட்டுவதில்லை. மருத்துவமனையே பொறுப்பேற்று நடத்த வேண்டியிருக்கிறது. படிவம் இதைப் 'புரவலர்: மருத்துவமனை' என்று சொல்லியது. கோயில் குடமுழுக்குக்கு வாரிக் கொடுப்பவரைத்தான் அப்பா புரவலர் என்று அறிவார். ஆகையால் மூன்றாம் பக்கம் வரைக்கும் அவர் மகிழ்ச்சியாகவே படித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் பக்கத்தில் 'இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வு' என்றிருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, கால் எரிச்சலுக்குப் போய் ரெண்டு கண்ணையும் கொடுக்கணுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. நீரிழிவு கண்ணைத் தின்றுவிடும் என்று ஆண்டுதோறும் பலதுறை மருந்தகத்தில் விழித்திரையைப் படமெடுத்து எச்சரித்து அனுப்பப்பட்டவர், இடக்கண்ணில் லேசர் சிகிச்சையும் செய்துகொண்டவர், அந்தச் சொல்லை வேறு எப்படிப் படிப்பார்?

விளக்குகிறேன் பேர்வழி என்று நானும் முயன்றேன். அடுத்த வரியில் 'மருந்துப்போலி' (ஆங்கிலத்தில் 'பிளாசிபோ') காத்திருந்தது. போலி மருந்து விற்பவனைப் பிடித்துச் சிறையில் போடுகிற நாட்டில் ஆஸ்பத்திரியே அதைக் கொடுக்குமா என்று அப்பா கேட்டபோது, பத்தொன்பது ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே பிழைப்பு நடத்திய எனக்கு அதற்கு இணையான எளிய தமிழ்ச் சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அந்த இயலாமையையும் சேர்த்துக்கொண்டுதான் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெர்த்தில் என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டிக்குத் தமிழில் படிவம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வந்து பேசுவார், அதற்கே நன்றி சொல்லிவிட்டு வருவோம். நாணயத்திலேயே தமிழ் பொறித்திருக்கும் ஊரில் எதிர்பார்ப்பு கூடுதலாகத்தானே இருக்கும்? என் சிறுவயதில், மருந்து கொடுக்கும் மிஸ்ஸி (தாதி) மலாயையும் தமிழையும் கலந்து "தீகா காலி (மூன்று வேளை), சாப்பிட்ட பிறகு" என்பார். இலக்கணம் இல்லை, ஆனால் அதைக் கேட்டு யாரும் தவறாக மருந்து குடித்ததாக எனக்கு நினைவில்லை.

மறுவாரம் மருத்துவமனைக்குப் போனோம். வரிசை எண், காத்திருப்பு எல்லாம் வழக்கம்போல. ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வந்தவர் ஈப்போவைச் சேர்ந்த இளம்பெண். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ படிவத்தைத் திறக்கவே இல்லை. நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்கிள், கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்களுக்கு வர்றது மருந்து இருக்கிற மாத்திரையா, மருந்து இல்லாத வெறும் மாத்திரையான்னு உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் முன்னால ஒரு திரை போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார். மருந்து கிடைத்ததென்று தெரிந்தால் எரிச்சல் குறைந்ததுபோல் நமக்கே தோன்றிவிடும், டாக்டரின் பார்வையும் சாய்ந்துவிடும் என்றும், யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவுசெய்வார்கள் என்றும், அவசரம் நேர்ந்தால் திரையை விலக்கி என்ன மாத்திரை என்று பார்த்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

"யாருக்கு எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதாம்மா? ஏன் சீட்டுக் குலுக்கணும்?" என்றார் அப்பா.

"தெரியாது அங்கிள். தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே வேண்டாமே."

ஒரு மருத்துவமனைக்குள் இவ்வளவு நேர்மையான பதிலை நான் இரு நாடுகளிலும் கேட்டதில்லை. அதோடு நிற்காமல் அவர் சென்னைக் கதை ஒன்றையும் சொன்னார். காசநோய்க்காரர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, சத்தான உணவு உண்டால்தான் தேறுவார் என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஆஸ்பத்திரியிலும் மறு பிரிவினரைத் தத்தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959இல் வெளியானது. தன் சித்தப்பா ஒருவரைக் காசநோய்க்காக டான் டோக் செங் மருத்துவமனையில் மாதக்கணக்கில் போய்ப் பார்த்துவந்த அப்பா, இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மற்றவை விரைவாக முடிந்தன. சேராவிட்டாலும், சேர்ந்த பிறகு நடுவில் விலகினாலும் இப்போதைய சிகிச்சை அப்படியே தொடரும். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகே யாரையும் சேர்க்க முடியும். மருந்துச் சோதனை என்பதால் சுகாதார அறிவியல் ஆணையமும் இதற்குள் வருகிறது. பாதியில் நின்றுவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா என்று அப்பா இருமுறை கேட்டார். இருமுறையும் அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னார்.

கண் தொடர்பான ஆய்வுகளில் ஆங்கிலத்திலேயே 'பிளைண்ட்' என்ற சொல்லைத் தவிர்த்து, பெரும்பாலும் 'மாஸ்க்ட்' (மறைக்கப்பட்ட) என்றுதான் எழுதுகிறார்களாம். கண்ணுக்குப் பயந்தவர்களிடம் 'குருடு' என்று சொல்லக்கூடாது என்ற இங்கிதம் மூலமொழிக்கே வந்துவிட்டது. மொழிபெயர்த்தவரிடம் மட்டும் அது வந்து சேரவில்லை. அப்பா தம் பிரதியில் அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே 'இருவருக்கும் திரையிட்ட' என்று எழுதிக் கொடுத்தார். நல்ல திருத்தம்தான், ஆனால் ஒப்புதல் பெற்ற படிவத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தாமாக மாற்ற முடியாது, குழுவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லி, அந்தப் பெண் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் யோசித்துவிட்டு அப்பா கையெழுத்திட்டார், நான்காம் பக்கத்தில் அந்தப் பழைய சொல் இருந்த படிவத்திலேயே. நான் பெர்த்துக்கு விமானம் ஏறும்வரை புதிய படிவம் வரவில்லை.