டேராடூனில் ட்ரெக்கிங் சாமான் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை. இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர் என்று வருவார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

போன டிசம்பர் கடைசியில் நானும் மச்சானும் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலைக்குப் போனோம். சென்னையிலிருந்து டெல்லி வழியாக டேராடூன் விமானம், அங்கிருந்து சாங்கிரி கிராமத்துக்கு வண்டியில் முழுப் பகல் பயணம், அப்புறம் நடை. உச்சி சுமார் 3,800 மீட்டர், டிசம்பரில் பனி இருக்கும். டென்டும் சாப்பாடும் உள்ளூர் வழிகாட்டி பொறுப்பு, உடம்பில் போடுவதும் படுப்பதும் நம் பொறுப்பு.

எனக்கு அப்போது லைட்டாகப் போகும் பைத்தியம் பிடித்திருந்தது. ஏழு கிலோ கைப்பை மட்டும், விமான நிலையத்தில் லக்கேஜ் பெல்ட் முன்னால் நின்று பை வரக் காத்திருக்கவே கூடாது என்று சபதம். சமையலறைத் தராசில் சாக்ஸைக்கூட எடை போட்டேன். பூட்ஸ் ஒன்றரை கிலோ, ஸ்லீப்பிங் பேக் இரண்டு கிலோ, குளிர் ஜாக்கெட், ட்ரெக்கிங் கம்பு எல்லாவற்றையும் டேராடூனில் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் பை ஆறரை கிலோவில் நிற்கிறது. கணக்கு அழகாக இருந்தது. டிக்கெட்டிலேயே 15 கிலோ செக்-இன் சேர்ந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாத விஷயத்துக்கு இத்தனை கணக்கு.

இணையத்தில் பிடித்த ஒரு ஆள், வாட்ஸப்பில் பளபளவென்று படங்கள் அனுப்பினார். ஸ்லீப்பிங் பேக் மைனஸ் பத்து டிகிரி தாங்கும், பூட்ஸ் தண்ணீர் புகாது, 'சார், டென்ஷனே வேண்டாம்'. ஆறு நாளுக்கு வாடகை 4,200, டெபாசிட் 3,000, மொத்தமும் முன்கூட்டியே ஜிபேயில். ரசீது கேட்டேன், நேரில் தருகிறேன் என்றார். பணம் போனது கடைப் பெயருக்கு அல்ல, யாரோ தனி ஆள் பெயருக்கு. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

சாங்கிரி வண்டிகள் விடிகாலையில் ரயில் நிலையப் பக்கமிருந்து கிளம்பும். முந்தின நாள் மாலையே சாமானைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கடை பூட்டியாயிற்று, காலையில் வண்டிக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். உதவி என்று நினைத்தேன், ஆனால் சூட்சுமமே அதில்தான் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு, கும்மிருட்டில், ஸ்கூட்டரில் ஒரு பையன் சாக்கு மூட்டையோடு வந்து நிற்கிறான், டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பிரித்துப் பார்க்க நேரமில்லை, வாங்கி வண்டிக் கூரையில் போட்டுவிட்டோம். கடைக்காரரையே கடைசிவரை நான் பார்க்கவில்லை.

சாங்கிரியில் பிரித்தால், பத்தாம் நம்பர் கேட்ட பூட்ஸ் காலைக் கடித்தது, நம்பர் இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். ஜாக்கெட் ஜிப் பாதியில் சிக்கியது. போன் செய்தால், 'சார், குளிரில் கால் சுருங்கும், சரியாகிவிடும்'. எனக்குத் தெரிந்து குளிரில் சுருங்கியது அவருடைய மனசாட்சிதான்.

முதல் இரவு, வழியில் இருக்கும் ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கம் முகாம். ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே தைத்திருந்த சீட்டை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விவகாரம் புரிந்தது. தரமான பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட், அந்தக் குளிர்வரை நிம்மதியாகத் தூங்கலாம். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, ஆறு மணி நேரம் குளிரில் செத்துப்போகாமல் கிடக்கலாம் என்கிற எண். எனக்குச் சொன்ன மைனஸ் பத்து அந்த எக்ஸ்ட்ரீம் எண். கம்ஃபர்ட் பிளஸ் ஐந்து! அதுவும் புதுப் பைக்கு. மாதக்கணக்கில் சுருட்டி அமுக்கியே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு உப்பாது, உப்பாத பை சூட்டைப் பிடித்து வைக்காது. வழிகாட்டி பய்யா வெந்நீர் ஊற்றிக் கொடுத்த பாட்டிலைக் கட்டிப்பிடித்து விடியும்வரை கிடந்தேன்.

பக்கத்தில் மச்சான் குறட்டை. 14 கிலோ பையோடு வந்ததற்காக விமான நிலையத்தில் நான் கிண்டல் அடித்த அதே மனுஷன், சொந்த ஸ்லீப்பிங் பேக்கில் சுகமாகத் தூங்கினார். அவர் பையிலிருந்து சென்னையில் பறிபோனது கேம்பிங் அடுப்பின் கேஸ் உருளை ஒன்றுதான். அது கைப்பையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது.

மறுநாள் பனியில் என் இடது பூட்ஸின் அடிப்பாகம் முதலை மாதிரி வாயைப் பிளந்தது. பழைய பசை, உள்ளே நூல் தையலே இல்லை. பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸ் மேல் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோ ஸ்பைக்ஸை சாங்கிரியில் தனியாக எடுத்திருந்தேன், அதன் ரப்பர் வளையம்தான் அதைக் காலோடு சேர்த்துப் பிடித்தது. சாக்ஸ் நனைந்து விரல்கள் மரத்துவிட்டன. உச்சிக்குக் கிளம்பும் இரவில் பய்யா என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீங்கள் வர வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மச்சான் போய் வந்தார். நான் டென்டில் இருந்தேன்.

திரும்பி வந்து டெபாசிட் கேட்டால், பூட்ஸை நான் கிழித்தேனாம், ஜிப்பை நான் உடைத்தேனாம், போனால் போகிறதென்று 500 ரூபாய் அனுப்பினார்கள். வாங்கும்போது படம் எடுக்கவில்லை, ரசீது இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், என் கையில் இருப்பது வாட்ஸப் பேச்சும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும், பார்ப்போம்.

லைட்டாகப் போவது தப்பில்லை, நான் குறைத்த இடம்தான் தப்பு. பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சென்னை வெயிலில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஸ்லீப்பிங் பேக்கும் கம்பும் செக்-இன்னில் போகட்டும், பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். குறைக்க வேண்டுமானால் மூன்றாவது ஜீன்ஸ், பெரிய துண்டு, முழு ஷாம்பு பாட்டில் இதில் கை வையுங்கள். வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகப் போய், பகல் வெளிச்சத்தில், பூட்ஸை வளைத்துப் பார்த்து, பையை விரித்து அந்தச் சீட்டைப் படித்து, வீடியோ எடுத்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

பிப்ரவரியில் தம்பி அதே மலைக்குப் போகிறான். சாங்கிரியிலேயே நேரில் பார்த்து நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் என்ன வாடகை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பூட்ஸ் வேண்டாம், அதை இங்கேயே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.